இடது விலா, மூன்றாவது மோட்டார்

பெருங்குடியில் பேட்டரிக் கடைக்கு மேல்
எங்கள் ஓடுதளம்.
மூன்று திரை, ஒரு பழைய விமானி இருக்கை,
வாடகை ஒன்பதாயிரம்.

கேப்டன் பிர்தௌஸ் மேற்கிலிருந்து இறங்குகிறார்.
இடப்பக்கம் பசுமலை வந்து போகிறது.
வெள்ளக்கல் குப்பைமேட்டின் மேல்
நான் வரைந்து விட்ட பருந்துகள்
வட்டம் போடுகின்றன.

சங்கு அலறியது. சிவப்பு விளக்கு மூன்று.
கீழே கடைக்காரர்கூட அண்ணாந்து பார்த்திருப்பார்.
இவர் பருந்துக்குள்ளேயே பறந்தார்.
"சத்தம் கேட்கலையா சார்?"
"எந்தச் சத்தம்?"

பொய் இல்லை.
காற்றின் வேகம் கண்ணைத் தின்றுகொண்டிருந்தது,
கோபுரத்தின் குரல் காதை.
(மதுரையில் கோபுரம் என்றால் விளக்க வேண்டும்:
நான் சொல்வது கட்டுப்பாட்டு அறை.)
தோல் மட்டும் சும்மா இருந்தது,
கல்யாண வீட்டில் யாரும் வேலை சொல்லாத
மருமகன் மாதிரி.

அதற்கு வேலை கொடுத்தேன்.
டவுன்ஹால் ரோட்டில் வாங்கிய
செல்போன் மோட்டார் பன்னிரண்டு,
ஒரு பனியனில் தைத்து.
ஆபத்து எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் துடிக்கும்.

முப்பத்தோராவது ஓட்டம்.
இடது விலாவில் மூன்றாவது துடித்தது.
கை திருப்பிவிட்டது.
ஏன் திருப்பினோம் என்று
பிறகுதான் தலை கேட்டது.

பரோட்டா வாங்கிக் கொண்டாடிய மறுநாள்
நெற்றியில் புடைப்போடு வந்தார் கேப்டன்.
தூக்கத்தில் மகள் கால் போட்டிருக்கிறாள்,
இடது விலாவில்.
வலப்பக்கம் ஒடித்து
கட்டிலிலிருந்து இறங்கியிருக்கிறார்,
ஓடுதளம் இல்லாத இடத்தில்.

சிரித்தோம். பிறகு சிரிக்கவில்லை.
ஒரு குழந்தையின் கால்கூட
இனிமேல் பருந்துதானா?

அதிலிருந்து நான் எதையும் கூடுதலாகத் தைக்கவில்லை.
நிரலில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்:
இதற்குத் துடிக்காதே, இதற்கும் வேண்டாம்,
அவரே பார்த்துவிட்டால் பேசாமல் இரு.
துடிக்க வைக்க இரண்டு வாரம் ஆனது.
சும்மா இருக்கப் பழக்குவது
ஐந்து மாதமாய் நடக்கிறது.

நேற்று இரவு
அவரை வில்லாபுரத்தில் இறக்கிவிட
என் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டேன்.
மண்டேலா நகர் முக்கில்
விளக்கில்லாத தண்ணி லாரி.
நான் பார்க்கவில்லை.

வலது தோளில் இரண்டு விரல்.
அரை நொடி.
ஒடித்தேன்.

வீடு வரும்வரை இருவரும் அதைப் பேசவில்லை.
நோட்டில் மட்டும் எழுதினேன்:
இவ்வளவு அழுத்தம் போதும்.