முப்பத்தொன்று அறுநூறு

சிமெண்ட் ஏஜென்சி காலண்டருக்குப்
பன்னிரண்டு படம்.
"கடலூர் மாவட்டம்தான், ஆனா
பார்த்தா கேரளா மாதிரி இருக்கணும்"
என்றார் முதலாளி கோதண்டபாணி.

நெல்லிக்குப்பத்தில்
கரும்பு லாரிக்குக் குறிவைத்து
முக்காலியை விரித்தேன்.
டீக்கடைக்காரர் ஓடிவந்து
தகரக் கூரையை இரண்டடி மடக்கினார்.
நெடுஞ்சாலைத் துறை என்று நினைத்தாராம்.
இல்லையென்று வாய் திறப்பதற்குள்
டீ வந்துவிட்டது, காசு வேண்டாமென்று.
குடித்த பிறகு சொன்னேன்.

பரங்கிப்பேட்டைக் கழிமுகத்தில்
வலையோடு நின்ற பையன்
கேமராவைக் கண்டதும் அதைக் கீழே போட்டுவிட்டுத்
தலைவாரி வந்து நின்றான்.
வலையை எடுத்துக்கோ தம்பி என்றேன்.
"வலை எங்களுது இல்லண்ணா,
சட்டைதான் என்னுது."

பண்ருட்டியில் ஜெயக்கொடி
பலாப்பழத்தை எடை மெஷினில் ஏற்றி
இப்போ எடுங்க என்றார்.
முப்பத்தொன்று அறுநூறு.
தன் முகம் பாதி வெட்டுப்பட்டதைப் பற்றிக் கவலையில்லை;
எண் தெரிகிறதா என்று
திரையை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.
அனுப்பச் சொல்லி அவர் கொடுத்த
வாட்ஸப் நம்பரில் ஒன்பது இலக்கம்.

காலண்டர் வந்தது.
பதினோரு மாதமும் சிமெண்ட் மூட்டை.
டிசம்பருக்கு மட்டும் என் பலா,
சீசனே இல்லாத மாதம்,
ஜெயக்கொடியின் மிச்ச முகமும் போய்.
எண் மட்டும் தெளிவு.
அதன் கீழே முப்பத்தொரு நாள்.

விட்டுப்போன இலக்கத்தைக்
கடைசியில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறேன்.
நாலு போட்டால்
விழுப்புரத்தில் யாரோ.
சரி, இருக்கட்டுமென்று
படத்தை அவருக்கே அனுப்பினேன்.

கிலோ என்ன விலை
என்று கேட்டிருக்கிறார்.