கடுகு

மயக்கம் தெளிந்தபின்
டாக்டர் ஹில்டெப்ராண்ட் படம் காட்டினார்.
இரண்டு முளை. மூன்று மில்லிமீட்டர்.
கம்பிச் சுருக்கால் அப்போதே கிள்ளியாச்சு என்றார்.
"கடுகு" என்றேன்.
அவருக்கு விளங்கவில்லை.

சிறுத்தாலும் காரம் குறையாதே என்று
தொங்கு ரயிலில், வூப்பர் ஆற்றுக்கு மேலே,
ஒரு கிழமை ஆடிக்கொண்டு வேலைக்குப் போய்வந்தேன்.

பிறகு கடிதம்:
கெட்டது ஒன்றும் இல்லை. அடுத்த சோதனை
ஏழு வருடம் கழித்து.

நின்றபடியே திரும்ப வாசித்தேன்.
எண்பத்தாறில் இந்த வூப்பர்டால்
மூன்று மூன்று மாதமாகத்தான்
முத்திரை குத்தி என்னை இருக்கவிட்டது.
ஏழு வருடத்தை ஒரே தாளில்
ஒருத்தரும் தந்ததில்லை.

பழைய துல்டுங் கடதாசிகளோடு
அதையும் மடித்து வைத்தேன்.
அடுப்படியிலிருந்து சுகந்தமலர்:
"கடுகு வெடிக்குது,
தள்ளி நில்லுங்கோ."