பதினொரு நிமிடம்

பரந்தன் களஞ்சியத்தின் பின்பக்கம்
சாக்கு அடுக்கியிருந்த அறையைக் கூட்டி
நாலு கதிரை போட்டுத் தந்தார்கள்.
கதவில் ஒரு தாள்: தரவுப் பகுப்பாய்வுப் பிரிவு.
உமித்தூசு இன்னும் விசைப்பலகைக்குள் இருக்கிறது.

கொழும்பு சொன்னது, நாலு பட்டதாரி எடு.
நான் எடுத்தது இரண்டு, நிதுர்ஷாவும் கஜானனும்.
மூன்றாவது, தராசடியில் ஏழு வருடம் நின்ற விமலேஸ்வரி.
நெல்லைக் கடித்து ஈரப்பதன் சொல்லுவாள்;
கருவி பிறகு அதே எண்ணைச் சொல்லும்.
எக்செல் தெரியுமா என்று கேட்டேன்.
“தெரியாது. எந்தத் துண்டில பொய் எழுதியிருக்கெண்டு தெரியும்.”
நாலாவது கதிரையில் அந்தத் துண்டுகள்தான்
இன்றைக்கும் குவிந்து கிடக்கின்றன.

முதல் மாதம் துடைக்கவே போனது.
மல்லாவி, மூன்று எழுத்துப்பிழையில்
மூன்று ஊராய்ப் பெருகியிருந்தது.
இருபது வருடப் பதிவு வேண்டுமாம்.
எங்களிடம் 2012 இலிருந்து இருக்கிறது.
அதற்கு முந்தி ஏன் இல்லை என்று
காணொளிக் கூட்டத்தில் ஒரு பையன் கேட்டான்.
தொடர்பு அறுந்தது போலக் கொஞ்ச நேரம் இருந்தோம்.

பிறகு லொறிகள்.
கஜானன் வரைந்த படத்தில்
தெற்கே போகிற எல்லாக் கோடும் ஓரிடத்தில் தடித்தது.
முறிகண்டி.
நாளுக்கு ஒன்பது லொறி, ஒவ்வொன்றும் பதினொரு நிமிடம்.
கொழும்பு சிவப்பால் வட்டமிட்டது: வீண் நேரம், நீக்கவும்.

நீக்கினோம், அட்டவணையில்.
சாரதிகள் வழமைபோல நின்றார்கள்,
மாங்குளத்துக்கு அப்பால்
அந்தப் பதினொன்றை மிதித்து எடுத்தார்கள்.
கனகராயன்குளத்தடியில் ஒருவன்
இருநூறு மூட்டையோடு சரிந்தான்.
ஆள் தப்பிவிட்டான்.
நெல் மூன்று நாள் வீதியில் காய்ந்தது,
யாரும் காயப்போடாமலே.

சூசைதாசனைக் கூப்பிட்டு இருத்தினேன்.
“அண்ணை, நீங்கள் வேதக்காரர். உங்களுக்குமா பிள்ளையார்?”
“கும்பிடுறவன் கும்பிடட்டும்.
நான் டயரைத் தட்டிப் பாக்கிறன், கயிறு இறுக்கிறன்,
கச்சான் வாங்கிறன்.
எந்த இடத்தில யானை நிக்குதெண்டு
எதிர வந்தவன் சொல்லுறதும் அங்கதான்.”

அன்று பின்னேரம் புதிதாய் ஒரு நிரல் திறந்தோம்.
தலைப்புக்குத்தான் சண்டை.
பாதுகாப்பு இடைவேளை என்றான் கஜானன்.
தகவற் பரிமாற்றம் என்றாள் நிதுர்ஷா.
விமலேஸ்வரி ஒற்றை விரலால் தட்டினாள்:
பிள்ளையார்.

எதிர்வுகூறல் பிழை பத்திலிருந்து ஆறுக்கு இறங்கியிருக்கிறது.
கொழும்பிலிருந்து கடிதம்:
பிள்ளையார் என்பவர் எந்தப் பிரிவு ஊழியர்,
ஒன்பது வண்டியையும் அவர் ஒருவரே
எப்படிப் பார்க்கிறார்?

பதில் இன்னும் போடவில்லை.
மேசையெல்லாம் கச்சான் கோது.