மூன்றாவது சைகை

பதினோரு வருடமாகச் சனிக்கிழமைகளில்
நான் கோட்டு நடுவர்.
யீஷூன் சமூக மன்றம், மூன்றாம் திடல்,
மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.
என் பொறுப்பில் ஒரே ஒரு வெள்ளைக் கோடு.

இறகுப்பந்து வெளியே விழுந்தால்
இரு கைகளையும் விரித்து "அவுட்" என்பேன்.
உள்ளே விழுந்தால் பேச்சில்லை,
வலக்கையைக் கோட்டுக்கு நீட்டினால் போதும்.
மூன்றாவதாக ஒரு சைகை உண்டு.
பார்க்கவில்லை என்றால்
இரு கைகளாலும் கண்களைப் பொத்திக் காட்டவேண்டும்.
எனக்கு அது பிடிக்காது.
இத்தனை வருடத்தில் நான்கு முறையோ, ஐந்தோ.

ஜூலையில் ஜுன் ஹாவ் என்ற பையன்
ராக்கெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தான்.
"ஆன்ட்டி, ஒரு சாண் வெளியே."
அவன் அம்மா கைப்பேசியில் ஓட்டிக் காட்டினாள்.
ஒரு சாண்தான்.
நான் கோட்டுக்குக் கை நீட்டியபடி
சந்தேகமே இல்லாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

கண்ணாடியை மாற்றினால் சரியாகும் என்று நினைத்தேன்.
பலதுறை மருந்தகத்தில்
கடைசி வரிவரை கடகடவென வாசித்தேன்.
"நன்றாகத்தானே இருக்கிறது" என்றவர்
கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார்.
இன்னொரு முறை பார்த்தார்.
பிறகு மருத்துவமனைக்குக் கடிதம் எழுதினார்.

அங்கே ஒரு கருவி
புஸ்ஸென்று கண்ணில் காற்றை ஊதியது.
வலது இருபத்தெட்டு, இடது இருபத்தாறு.
மரத்துப்போக மருந்து விட்டு, தொட்டும் அளந்தார்கள்.
அதே எண்கள்.

வெள்ளைக் கிண்ணம் ஒன்றுக்குள் முகத்தை வைத்தேன்.
ஹஸ்லிண்டா கையில் பொத்தானைத் தந்தாள்.
"நடுப்புள்ளியையே பாருங்கள்,
எங்காவது வெளிச்சம் மினுங்கினால் அழுத்துங்கள்."
மினுங்கியது, அழுத்தினேன்.
மினுங்கியது, அழுத்தினேன்.
பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை.
எந்திரம் மட்டும் டிக் டிக்கென்று நகர்ந்துகொண்டிருந்தது.
சும்மா இருக்கக் கூச்சமாகி
இரண்டு தரம் அழுத்தினேன்.
"மேடம், விளக்கு வராதபோதும் அழுத்துகிறீர்கள்"
என்றாள், கடிந்துகொள்ளாமல்.
மறுபடி முதலிலிருந்து.

வெளியே வந்த தாளில்
இரண்டு கண்ணுக்கும், நடுவுக்குக் கீழே,
கறுப்பாய் ஒரு பிறை.
"எனக்குக் கறுப்பே தெரிவதில்லையே, டாக்டர்?"
"தெரியாது" என்றார் டாக்டர் சியாவ்.
"போன இடத்தை மூளை
பக்கத்து நிறத்தால் பூசிவிடும்."

பச்சைப் பாய்!
எனக்கென்றே விரித்துத் தந்திருக்கிறது,
பந்து விழாத பச்சைப் பாய்.

கண்ணுக்குள் நீர் ஊறுமாம், வடியுமாம்.
வடியும் சல்லடை மந்தமானால் அழுத்தம் ஏறி
பின்னாலிருக்கும் நரம்பை நசுக்குமாம்.
எங்கள் வீவக சமையலறையில் குழாய் ஒழுகினால்
கீழ்வீட்டு மிஸ்டர் ஓங் வந்து கதவைத் தட்டுவார்.
இங்கே யாரும் தட்டவில்லை.
வலியில்லை, சிவப்பில்லை, எத்தனை வருடமோ.

"போனது?"
"வராது. இருப்பதைக் காப்பாற்றலாம்."
முதலில் சொட்டு மருந்து.
போதாவிட்டால் லேசர்.
அதுவும் போதாவிட்டால் கத்தி வைத்து
நீருக்குப் புது வழி.

இரவு பத்துக்குக் கைப்பேசி கூவும்.
முதல் வாரம் பாதி மருந்து காதுக்குள் ஓடியது.
இப்போது கை பழகிவிட்டது.
ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு.
இமைகளை மூடி
மூக்கோரம் இரண்டு விரலால் இரண்டு நிமிடம் அழுத்திக்கொண்டு
கட்டிலில் உட்கார்ந்திருப்பேன்.
இப்போதுதான் ஒழுங்காகக் காட்டுகிறேன்
அந்த மூன்றாவது சைகையை,
ஒவ்வொரு இரவும்.

அழுத்தம் பதினேழுக்கு இறங்கியிருக்கிறது.
நாற்காலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.
சனிக்கிழமைகளில் ஸ்கோர் பலகை மாற்றுகிறேன்.

கூடப் பிறந்தவர்களும் பார்த்துக்கொள்ளவேண்டும் என்றார்கள்.
தம்பி திருமாறன் நாள் முழுக்கக் கார் ஓட்டுபவன்.
மூன்று முறை அழைத்துவிட்டேன்.
"எனக்கு நன்றாகத்தான் தெரிகிறது அக்கா."
"எனக்கும் அப்படித்தான்டா தெரிந்தது."
பதில் இல்லை.
எங்கோ திரும்பக் காத்திருக்கிறான் போலும்,
அந்தப் பக்கம்
இண்டிகேட்டர் மட்டும் டிக் டிக்கென்று.