பதினோராவது நிமிடம்

அமெரிக்காவின் தெற்கு எந்தப் பக்கம் என்று
எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது.
எங்களுக்குத் தெற்கு என்றால்
நூறாம் இலக்க பஸ் போகிற பக்கம்.
தெஹிவளை, ரத்மலானை, பிறகு பாணந்துறைப் பாலம்,
வலக்கைப் பக்கம் முழுக்கக் கடல்.
அந்தத் தெற்கிலிருந்து வந்தவர்கள்தான் 'லோகோ ஷெட்'காரர்.
ரயில்வே வேர்க்ஷொப்பில் ஃபிட்டர் இரண்டு பேர்,
ஒரு கிளார்க்,
வேலை தேடிக்கொண்டேயிருந்த ஒரு மச்சான்.

நெவில் வான்டர்வோல் முதல் கிட்டார்.
செல்வின் அருளப்பு மற்றக் கிட்டார்.
இரண்டாம் கிட்டார் என்று சொன்னால்
செல்வினின் தாய் சண்டைக்கு வருவா.
துவான் ஜுனைதீன் பேஸ்.
ட்ரம்ஸுக்குப் பியதிலக்க,
கழுவக் கழுவக் கிறீஸ் போகாத நகங்களோடு.

நான் ஒன்பது தடவை பார்த்தேன்.
ஜெசிந்தா பதினொன்று என்பாள். பொய்.
இரண்டு தடவை டிக்கெட்டுக்குக் காசில்லாமல்
வாசலில் நின்று கேட்டவள், அது கணக்கில் வராது.
சரி, வரட்டும்.
மழைக்குள்ளும் நின்றவள்.

அவர்களுக்கு ஒரு நீளப் பாட்டு இருந்தது.
பெயர் வைக்கவில்லை.
"நீளமானதை அடி!" என்று கத்துவோம், மூன்று மொழியிலும்.
பதினான்கு நிமிடம்.
நெவிலின் கிட்டார் முன்னால் போகும்,
செல்வினுடையது ஒரு பெட்டி தள்ளிப் பின்னால்,
வளைவு வந்தால் இரண்டும்
யன்னல் வழியே ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும்.
பதினோராவது நிமிடத்தில் எல்லாம் நிற்கும்.
சிக்னலுக்குக் காத்திருப்பதுபோல் நாலு செக்கன்.
பிறகு செல்வின் தனியே,
ஒரே ஒரு சுரம்.

அந்த நாலு செக்கனுக்குள்தான்
நான் இருமினேன்.

எண்பத்துமூன்று மே. பம்பலப்பிட்டியில் ஒரு பள்ளிக்கூட மண்டபம்.
கியூவில் நனைந்து, மின்விசிறிக்கு நேர் கீழே இடம் கிடைத்து,
பத்து நிமிடம் அடக்கிய இருமல்.
முன்வரிசையில், மடியில் ரெக்கோர்டருடன்
குகானந்தன் திரும்பிப் பார்த்தான்.
கொலை செய்தவளையும் யாரும் அப்படிப் பார்க்கமாட்டார்கள்.

வேறு ஒலிப்பதிவு இல்லை.
ஜூலையில் குகானந்தனின் வீடு எரிந்தது.
ரெக்கோர்டர் போனது, டிக்கெட் துண்டுகள் ஒட்டிய கொப்பி போனது.
கசெட் மட்டும் தப்பியது.
முந்தின கிழமை இரவல் வாங்கிய பியதிலக்க
திருப்பிக் கொடுக்க மறந்திருந்தான்.
அகதி முகாமுக்குச் சோற்றுப் பார்சலோடு வந்தபோது
அதைத்தான் முதலில் நீட்டினான்.
இருவரும் ஒன்றும் பேசவில்லையாம்.

பிறகு அது பிரதியின் பிரதியாய்
டொரொன்டோ போனது, மெல்பேர்ன் போனது,
தோஹாவில் ஒரு லொறிக்குள் நாலு வருடம் ஓடியது.
போன இடமெல்லாம் என் இருமலும் போனது, விசா இல்லாமல்.
ஸ்காபரோவில் ஒரு கல்யாண வீடு.
நான் தொண்டையைச் செருமினேன்.
முன்பின் தெரியாத ஒருத்தர் திரும்பிக் கேட்டார்:
"நீங்களா அது?"

போன மாதம் வெள்ளவத்தையில்,
கொத்துரொட்டிக் கடைக்கு மேல்மாடியில்,
நாலு பெடியன்கள் அந்த நீளப் பாட்டை அடித்தார்கள்.
யாரோ கம்ப்யூட்டரில் துப்புரவாக்கிய பிரதியைக் கேட்டுப் பழகியவர்கள்.
நன்றாகத்தான் அடித்தார்கள். இரைச்சல் இல்லை, பிசிறு இல்லை,
செல்வினும் இல்லை, அவன் போய் ஆறு வருடம்.
கீழே கொத்துகிற தகட்டுச் சத்தம்
பியதிலக்கவைவிடத் தாளம் பிசகாமல்.

பதினோராவது நிமிடம் வந்தது.
எல்லாம் நின்றது.

ஜெசிந்தா இருமினாள்.
பிறகு ஊன்றுகோலைப் பிடித்தபடி ஜுனைதீன்.
பிறகு சுவரோர மேசை முழுக்க,
வழுக்கைகள், பைபாஸ் செய்த நெஞ்சுகள்,
ஆளுக்கொன்றாய், வெட்கமில்லாமல்.
கடைசியாகக் குகானந்தன்,
என்னைப் பார்த்துக்கொண்டே.
எனக்கு மட்டும் வரவில்லை.
தொண்டை வேறு எதற்கோ அடைத்திருந்தது.

கிட்டார்க்காரப் பெடியன் மிரண்டுபோய்
விரலைத் தந்தியில் வைத்தபடி நின்றான்.
நாலு செக்கன் பத்தாயிற்று.

சிக்னல் விழுந்திட்டுது, தம்பி.
எடு.