ஏழு நாள் ஆண்டு

தந்தி வந்தபோது மைக்கட்டியை உரசிக்கொண்டிருந்தேன்.
சகாதா நகர அலுவலகப் பதிவறையில்
கணப்புச் சட்டியின் கரி
அப்போதுதான் சிவக்கத் தொடங்கியிருந்தது.
பேரரசர் விடியுமுன் காலமானார். இன்று முதல் ஷோவா.
தலைமை எழுத்தர் எழுந்து நின்று படித்தார்,
இன்னொரு முறை படித்தார்,
பிறகு என்ன செய்வதென்று தெரியாமல்
உட்கார்ந்துகொண்டார்.

காலையில் நான் எழுதிய கடிதத்தில் தைஷோ பதினைந்து.
மதியம் அதே தேதிக்கு வேறு வருடம்.
அந்தச் சனிக்கிழமை மட்டும்
இரண்டு வீட்டுப் பிள்ளை.

டிசம்பர் இருபத்தைந்து.
விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்:
இந்த ஆண்டுக்கு ஏழே நாள்,
அதிலும் ஒரு ஞாயிறு.
இருபத்தெட்டாம் தேதி அலுவலகம் சாத்திவிடுவோம்.

முத்திரை செதுக்கும் தொகாஷி
இரவெல்லாம் விழித்து மரத்தில்
இடம்வலம் மாற்றி அந்தப் பெயரை வெட்டினான்.
முதல் ஆண்டை நாங்கள் ஒன்று என்று எழுதுவதில்லை,
மூலம் என்று எழுதுவோம்.
நாலே கோடுதான் அந்த எழுத்துக்கு.
கடைசிக் கொக்கியில் அவன் உளி சறுக்கியிருந்தது.
"இதோ இரண்டு வந்துவிடும்,
அதற்கும் சேர்த்துக் கூலி கொடுத்துவிடுங்கள்" என்றான்.
திங்கள் மதியம் என் கைக்கு வந்தது,
ஒன்றரை நாள் உழைக்கப்போகிற முத்திரை.

தெருவில் மோச்சி இடிக்கும் சத்தம் இல்லை.
இடித்தவர்களும் உரலுக்கடியில் பாயை மடித்துப் போட்டு
இடித்தார்கள்.
மீன்கடையில், புத்தாண்டுக்கென்று வந்த சங்கராக்கள்
துக்கத்துக்குப் பொருந்தாத சிவப்பில்
பனிமேல் கிடந்தன.
பாதி விலை.
சுற்றிக் கொடுத்த தாளைப் பிரித்துப் பார்த்தேன்:
தைஷோ பதினாறு, ஏப்ரல்.
முந்நூற்று அறுபத்தைந்து நாளும் அச்சாகி
வராமலே போன வருடம்.
ஒரு தாள்கூட அச்சாகாத வருடத்தில் நின்று
நான் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன்.

செவ்வாய். மூட அரைமணி இருந்தது.
மொகாமி ஆற்றுப் படகுக்காரன் தொமெகிச்சி
வைக்கோல் செருப்பைத் தட்டிக்கொண்டு வந்தான்.
நேற்று அதிகாலை பெண் குழந்தை.
வழக்கமாய்க் கேட்பதைக் கேட்டேன்:
"ஜனவரி இரண்டு என்று போட்டுவிடவா?"

எங்கள் கணக்கில் பிறக்கும்போதே வயது ஒன்று,
புத்தாண்டு விடிந்தால் ஊருக்கே ஒன்று கூடும்.
ஆறாம் நாள் குழந்தைக்கு இரண்டு வயது
எந்தத் தகப்பனுக்குப் பிடிக்கும்?
என் பேரேட்டை நம்பினால்
டிசம்பர்க் கடைசியில் இந்த ஊரில் யாரும் பிள்ளை பெறுவதில்லை.

அவன் தொப்பியைக் கசக்கினான்.
"நானும் அதைத்தான் சொன்னேன், கிசா கேட்கவில்லை.
ராத்திரி முழுக்க வலித்தது இந்த வருடத்தில்தானே,
வேறு வருடத்தில் எழுதிவிட்டால்
அந்த வலி யாருடையது என்கிறாள்."

இதற்கு விதி எதுவும் எனக்கு நினைவில்லை.
பெயர்? ஹமா. கடற்கரை.
"புது ஆண்டின் பெயரிலிருந்து ஓர் எழுத்து எடுக்கலாமே,
ஒளி, இசைவு, இரண்டும் நல்ல எழுத்துகள்,
எல்லோரும் எடுக்கப்போகிறார்கள்."
"அவளுக்கு எழுதத் தெரிந்தது இதுதான்" என்றான்.

அழுத்தினேன்.
உளி சறுக்கிய இடத்தில் மை கொஞ்சம் கூடுதலாய்ப் பரவியது.

பதினொரு தடவை அந்த முத்திரை விழுந்தது:
ஆறு சாவு, மூன்று கல்யாணம், ஒரு தத்து,
ஹமா.
பிறகு எண்ணெய்த் துணியில் சுற்றி
இழுப்பறையின் அடியில் போட்டுப் பூட்டினேன்.

ஜனவரி நாலாம் தேதி கதவைத் திறந்தபோது
பதினான்கு தகப்பன்கள் பனியில் வரிசையாய் நின்றார்கள்.
பதினான்கு குழந்தைகளும் பிறந்தது இரண்டாம் தேதி.
ஒருவன் குழந்தையைத் தூக்கியே வந்திருந்தான்.
இரண்டு நாள் குழந்தை.
என்னைப் பார்த்துச் சிரித்தது.