மூன்றிலிருந்து இரண்டுக்கு

பெண்ணையாற்றுப் பாலம் ஏறும்போது
முதல் தடவை விக்கியது.
கன்னியக்கோயில் பங்க்கில்
லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம் பிடித்து
டேங்க் நிரப்பி வந்த சந்தோஷம்
அந்த ஒரு விக்கலில் போயிற்று.
தண்ணீர் கலந்துவிட்டான் என்று
பாவம், பங்க்காரனைத்தான் முதலில் திட்டினேன்.

ஆல்பேட்டை தாண்டுவதற்குள்
மஞ்சள் விளக்கு கண்ணடித்தது.
சிக்னலில் நின்றால்
ஊசிக்குக் கை நீட்டிய பிள்ளைபோல
ஸ்டியரிங் நடுங்கியது.

புதுச்சேரியில் கண்ணாடி அறை, ஏசி, இலவசக் காபி.
நவநீதன் டை கட்டியிருந்தான்.
"இன்ஜெக்டரா இருக்கலாம் மேடம்.
வால்வு போயிருக்கலாம்.
ஹெட் இறக்க வேண்டி வரலாம்."
ஒவ்வொரு 'லாம்'முக்கும் ஒரு விலை.
கூட்டினால் நாற்பத்தோராயிரத்து அறுநூறு,
ஜிஎஸ்டி தனி.
என் ஒப்பந்தச் சம்பளத்தில் மூன்று மாதம்.
திறந்து பார்த்தீர்களா என்றேன்.
அப்ரூவல் கொடுத்தால் திறப்போம் என்றான்.

விக்கிக்கொண்டே கடலூர் திரும்பினோம்,
நானும் வண்டியும்.

பதினாலு வருஷமாய் மஞ்சக்குப்பத்தில்
ஈசிஜி எடுக்கிறேன்.
ஒருநாள் அவசரத்தில்
வலது கை லீடை இடதில் மாட்டி
நல்லாயிருந்த மனுஷனை
அரை மணி நேரம் நோயாளியாக்கினேன்.
அவர் மனைவி தாலியைப் பிடித்தபடி நின்றாள்.
கம்பியை மாற்றி மாட்டினேன்.
கோடு சரியாயிற்று.
கோளாறு கம்பியோடு போனது,
ஆளோடு இல்லை.

அன்று ராத்திரி அதுதான் ஞாபகம் வந்தது.

லேப் தேவசகாயத்திடம்
தீப்பெட்டி அளவு ஸ்கேனர் ஒன்று உண்டு.
இரவல் வாங்கி மாட்டினால்
போனில் ஒரு எண் வந்தது. முந்நூற்று மூன்று.
அதற்கும் கோடு என்றுதான் பெயராம்.
மூன்றாவது சிலிண்டர் சரியாய் எரியவில்லை,
அவ்வளவுதான் அது சொன்னது.
ஏன் என்று சொல்லவில்லை.
அந்த 'ஏன்'னுக்குத்தான் நாற்பத்தோராயிரம்.

எஞ்சின் ஆறக் காத்திருந்தேன்.
போன் வெளிச்சத்தைப் பல்லில் கவ்வி,
பத்தாம் நம்பர் ஸ்பேனரால் இரண்டு போல்ட்.
மூன்றின் காயிலை இரண்டில் வைத்தேன்.
இரண்டின் காயிலை மூன்றில்.
வேறெதையும் தொடவில்லை.
ஒரே சமயத்தில் ரெண்டு சந்தேகத்தைத் தொட்டால்
ரெண்டும் வாயை மூடிக்கொள்ளும்.

பழைய கோடை அழித்துவிட்டு
சாவியைத் திருப்பினேன்.
விக்கல். விக்கல்.
கொசு முழங்காலைத் தின்றது.
பிறகு போனில் வந்தது
முந்நூற்று இரண்டு.

ஒரு வீடு தள்ளிக் குடிபோயிருந்தது நோய்!
நடுத்தெருவில், கிரீஸ் கையோடு,
பதினோரு மணிக்குச் சிரித்தேன்.
எதிர்வீட்டு ஜன்னல் திறந்து மூடியது.

காயிலைத் துடைத்துப் பார்த்தபோது
அடியில் ஒரு வெடிப்பு, தலைமுடி அளவு,
உள்ளே கரிக்கோடு.
மின்னல் பிளக்குக்குப் போகாமல்
குறுக்கு வழியில் இறங்கிக்கொண்டிருந்தது.

இம்பீரியல் ரோட்டில் ஷர்புதீன் பாய் கடை.
ஆயிரத்து எழுநூற்றி எண்பது என்றார்.
அறுநூறு ரூபாய்க்கும் ஒன்று இருக்கு,
வேணாம், மழைக்குத் தாங்காது என்று
அவரே உள்ளே தள்ளினார்.
"பிளக் தேஞ்சிருந்தா புதுக் காயிலும் சாகும்மா,
நாலையும் மாத்திருங்க."
இதில் மட்டும் லாம் இல்லை.
மொத்தம் இரண்டாயிரத்து நானூற்றுச் சொச்சம்.

மூன்றாம் நாள் நவநீதன் கூப்பிட்டான்.
"மேடம், அப்ரூவல்?"
திட்டத்தான் வாயெடுத்தேன்.
அவன் குரலிலும் ஒரு துடிப்பு
விட்டு விட்டு வந்தது, மாசக் கடைசி.
சரியாயிடுச்சு தம்பி என்றேன்.
எப்படி என்று அவன் கேட்கவில்லை.

பாலம் வந்தால் இப்போதும்
ரேடியோவை அணைத்துவிடுகிறேன்.
ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு.
எல்லோரும் வந்திருக்கிறார்களா.

செத்த காயில்
ஈசிஜி அறை மேசையில் கிடக்கிறது,
ஜெல்லி டியூப் பக்கத்தில்.
சட்டையைக் கழற்றிப் படுத்த ஒரு பெரியவர்
அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"இதையும் நெஞ்சுல வைப்பீங்களாம்மா?"